வண்டு விழுந்த படம்

விடிந்தும் விடியாமலும் சுப்புத்தாய் முற்றத்துக்கு வந்து சன்னலைத்தான் முதலில் பார்த்தாள். வண்டு இருந்தது. ராத்திரி அடித்த ஆடிக் காற்றில் அது எங்கே போய்த் தொலைந்ததோ என்று பயந்துகொண்டே படுத்தவளுக்கு இப்போதுதான் உயிர் வந்தது.

"இருய்யா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இருந்துட்டுப் போ" என்று அதனிடம் சொன்னாள். சொன்ன பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. மாமியார்தான் வண்டோடு பேசுகிறாள் என்றால் நீயுமா?

ஒரு வண்டுக்கு இத்தனை உபசாரமா என்று, இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடாமல் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னமனூரில் வாழைத்தோட்டம் வைத்துப் பிழைக்கிற குடும்பம் இது. சுப்புத்தாயின் புருஷன் கருத்தக்கண்ணன் ரங்கூனில் ஓர் அரிசி மில்லுக்கு வேலைக்குப் போனான். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டதிலிருந்து அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அவன் வரவில்லை.

ஆடி அமாவாசையன்று மாமியார் இருளம்மாள் காக்கைக்குச் சோறு வைத்தாள். காக்கை ஒன்றுகூடத் தொடவில்லை. அதே நேரத்தில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கருவண்டு விர்ரென்று பறந்து வந்து, முற்றத்தைப் பார்த்த கண்ணாடிச் சன்னலில் உட்கார்ந்தது. அதன் முதுகில் வலது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. கருத்தக்கண்ணனுக்கும் வலது தோளில் ஒரு வெள்ளைத் தேமல் உண்டு. போதாதா? "ஏலே கருத்தா, வந்துட்டியாலே!" என்று இருளம்மாள் அலறின அலறலில் தெருவே கூடிவிட்டது. மகன் செத்து வண்டாக வந்துவிட்டான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மூத்த மகன் ஒச்சாண்டி மறுபேச்சுப் பேசாமல் தம்பிக்குக் கருமாதி நாள் குறித்துவிட்டான். அந்த நாள் நாளைக்கு. சுப்புத்தாயின் கழுத்தில் கிடக்கிற தாலியை இறக்க வேண்டும். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்து வரச் சொல்லி ஜெயமங்கலத்தில் இருக்கும் அவள் அண்ணனுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. பிள்ளை இல்லாதவள் வெள்ளைச் சேலை உடுத்திவிட்டால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது? தோட்டத்தில் புருஷனின் பங்கு மூத்தவனோடு போய்விடும்; அவளுக்குப் படுக்க ஒரு மூலை, சாப்பிட ஒரு வட்டில். அவ்வளவுதான்.

சுப்புத்தாய் அழுதாள். அழுது பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள். வழி அய்யாத்துரை வாயிலிருந்தே வந்தது. அவர் மாமனாரின் தம்பி, பங்காளிகளில் மூத்தவர். இந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. ஆனால் பேய்க்கதை சொல்ல ஆரம்பித்தார் என்றால் நிறுத்த மாட்டார். "ஆவிக்கு நெழலு கெடையாது. போட்டோவுலயும் விழாது. மலையில ஒரு வெள்ளக்காரன் பேயைப் படம் புடிக்கப் போயி, படம் விழாத வெறுங் கண்ணாடிதான் அவன் கையில மிஞ்சுச்சு" என்று ஒரு நாள் அளந்துகொண்டிருந்தார்.

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த சுப்புத்தாய் வெளியே வந்தாள்.

"சின்ன மாமா, நீங்க சொல்றது நெசந்தானா? ஆவி போட்டோவுல விழாதா?"

"சத்தியமா விழாது ஆத்தா."

"அப்ப வண்டப் படம் புடிப்போம். விழலைன்னா அது அவுகதான், நானே தாலிய எறக்கித் தாரேன். விழுந்துச்சுன்னா அது வெறும் வண்டு. என் புருசனுக்குக் கருமாதி கெடையாது. சம்மதமா?"

அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தையை அய்யாத்துரை எப்படி விழுங்குவார்? தலையை ஆட்டிவிட்டார்.

இதுவரைக்கும் நடந்தது இது. இனி இன்றைய கதை.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து ஓட்டுகிற கரி பஸ்ஸில் வந்து இறங்கினார் லூர்துநாதன். அல்லிநகரத்தில் படக்கடை வைத்திருப்பவர். தண்டவாளத்தையே யுத்தத்துக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ரயில் ஏது? முகமெல்லாம் கரி. கேமராப் பெட்டியை மட்டும் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

சன்னலை எட்டிப் பார்த்தவர் தாடையைத் தடவினார்.

"கல்யாணம் எடுத்திருக்கேன், சடங்கு எடுத்திருக்கேன், செத்தவுகளச் சேர்ல உக்கார வச்சும் எடுத்திருக்கேன். வண்டு எடுத்ததில்ல தாயி. செத்தவுகளாவது ஆடாம இருப்பாக."

"எடுத்திருவீகளா அண்ணே?"

"மாதா புண்ணியத்துல எடுத்துருவேன். ஆனா ஒண்ணு, எங்கிட்ட இருக்கறது ரெண்டே கண்ணாடிப் பிளேட்டு. ஒண்ணு கம்பத்துல ஒரு கல்யாணத்துக்கு வச்சிருக்கேன். அதக் கேக்கப்பிடாது. ஒனக்கு ஒண்ணுதான்."

ஒச்சாண்டி தூணில் சாய்ந்து நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். "வெட்டிச் செலவு. வண்டுக்கெல்லாம் போட்டோ! ஊரு சிரிக்குது" என்றான்.

"ஊரு சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகட்டும் மச்சான்" என்றாள் சுப்புத்தாய். குரல் உயரவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கேமரா முக்காலியை நிறுத்தினார்கள். காற்று அதைத் தள்ளப் பார்த்தது. சுப்புத்தாய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்து முக்காலியின் அடியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள். லூர்துநாதன் "பலே" என்றார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார், எடுத்தார், மறுபடி நுழைத்தார்.

சுப்புத்தாய் கருப்பட்டிப் பாகு காய்ச்சி வைத்திருந்தாள். அதைச் சன்னல் சட்டத்தில் தடவினாள். வண்டு அதை மோந்து பார்த்தது. காலை எடுத்து வைத்தது. பாகைத் தாண்டிக் கண்ணாடி மேல் ஊர ஆரம்பித்தது.

"நிக்கச் சொல்லு தாயி!"

"அதுக்குத் தமிழ் தெரியாதுண்ணே. நிக்கறப்ப எடுங்க."

ஒரு நொடி நின்றது. லூர்துநாதன் கேமரா மூடியைக் கழற்றினார். வாய்க்குள் எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் வண்டுக்கு என்ன தோன்றியதோ, கிடுகிடுவென்று சட்டத்தின் மறுகோடிக்கு நடந்துவிட்டது.

நெல் அறையில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு அவர் பிளேட்டைக் கழுவினார். வெளியே எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அய்யாத்துரை துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். மாமியார் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

லூர்துநாதன் வெளியே வந்த முகமே சேதியைச் சொல்லிவிட்டது.

"என்னய்யா?" என்றார் அய்யாத்துரை.

"சன்னலு விழுந்திருக்கு. சட்டம், தாழ்ப்பா எல்லாம் விழுந்திருக்கு." அவர் தயங்கினார். "வண்டு விழல."

"ஆங்!" ஒச்சாண்டி துள்ளி எழுந்தான். "கேட்டீகளா சித்தப்பா? சன்னல் விழுந்திருக்கு, வண்டு விழல! இதுக்கு மேல என்ன வேணும்? ஆவிதான். என் தம்பிதான்!"

அய்யாத்துரைக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. தன் பேய்க்கதை இவ்வளவு கச்சிதமாகப் பலிக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை, பாவம். எழுந்து சன்னலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அய்யா, கொஞ்சம் இருங்க" என்று லூர்துநாதன் கத்தினார். "நான் எண்ணுறதுக்குள்ள அது நகந்துருச்சு. நகர்ற எதுவும் இந்தப் பிளேட்ல நிக்காது. தெருவுல நடக்குற மனுசன் விழமாட்டான். அவனெல்லாம் ஆவியா?"

"பேச்சு ஒண்ணுதான். விழலைன்னா விழலதான்" என்றான் ஒச்சாண்டி.

சுப்புத்தாய் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தோற்றுவிட்டேனா? நானே வாய் கொடுத்து நானே மாட்டிக்கொண்டேனா? ஒரு கணம்தான். பிறகு லூர்துநாதன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, அந்த இன்னொரு பிளேட்டு."

"அது கல்யாணத்துக்குத் தாயி. வாக்குக் குடுத்திருக்கேன்."

"அங்கன தாலி ஏறப்போகுது. அவுக நாலு நாள் கழிச்சுக்கூட மாலையும் கழுத்துமா நின்னு படம் எடுத்துக்கிடலாம். எனக்கு நாளைக்கு எறக்கிருவாக. எறக்கினப்புறம் நீங்க வந்து எதை எடுப்பீக?"

லூர்துநாதன் தரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "ஏசுவே, என்னைய இப்படியா மாட்டிவிடுவ?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். "சரி. ஆனா அது அசையப்பிடாது. இமைக்கக்கூடாது. அதுக்கு வழி பண்ணு."

வழி யாரிடம் இருக்கிறது என்று சுப்புத்தாய்க்குத் தெரியும். தினமும் வண்டுக்குத் தீனி வைப்பவள் மாமியார். அவள் வைத்தால் அது நிற்கும், தின்று முடிகிறவரை நகராது. இன்றைக்கு வைக்கவில்லை. வைக்கக் கூடாதென்று ஒச்சாண்டி காலையிலேயே சொல்லிவிட்டான்.

அடுப்படிக்குள் போனாள். இருளம்மாள் அணைந்த அடுப்புக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அத்த, வந்து தீனி வைங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"ஏனா? எனக்கு அது ஒண்ணுதாண்டி இருக்கு. தெனம் வருது, நான் குடுக்கறதத் திங்குது, என்னையப் பாக்குது. அதையும் படம் புடிச்சு 'வெறும் வண்டு, போ'ன்னு வெரட்டப் பாக்குறியா? மனசாட்சி இருக்கா ஒனக்கு?"

சுப்புத்தாய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மாமியாரோடு அப்படிச் சமமாக உட்கார்ந்ததில்லை.

"அத்த, நான் ஒண்ணு கேக்குறேன். அது ஒங்க மகன்னா, ஒங்க மகன் இனிமே வாசல்ல வந்து 'ஆத்தா'ன்னு கூப்புட மாட்டாக. அது வண்டுன்னா, கூப்புட்டாலும் கூப்புடுவாக. ஒங்களுக்கு எது வேணும்?"

இருளம்மாள் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைச் சுப்புத்தாய் பார்த்தாள். தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கடைசியில் கிழவி எழுந்தாள். உறியிலிருந்து அழுகும் பதத்தில் கறுத்துப்போன நாட்டுப்பழம் ஒன்றை எடுத்தாள். தோலை உரித்துக் கையாலேயே பிசைந்தாள்.

"தள்ளு. கருப்பட்டிப் பாகு காச்சினாளாம் பாகு! அதுக்கு எப்படி வைக்கணும்னு ஒனக்கு என்ன தெரியும்?"

முற்றத்துக்கு வந்தவளைப் பார்த்து ஒச்சாண்டிக்குக் கண் பிதுங்கியது. "ஆத்தா! நான் என்ன சொன்னேன்?"

"நீ சும்மா கெட."

பிசைந்த பழத்தைக் கண்ணாடியின் நடுவில் ஓர் உருண்டையாக ஒட்டினாள். வண்டு மீசையை ஆட்டியது. நேரே வந்து முகத்தைப் பழத்துக்குள் புதைத்தது. "ஏலே, நீ கருத்தனா இருந்தா ஆத்தாள மன்னிச்சுக்க. இல்லாட்டி நல்லாத் தின்னு" என்றாள் இருளம்மாள்.

லூர்துநாதன் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "உள்ளாற இருட்டா இருக்கு. கருவண்டும் கருப்பு, பின்னாடியும் கருப்பு. அந்த ரூமுக்குள்ள எதுத்த சன்னலத் தெறந்து விட்டாத்தான் இது எடுப்பா விழும்."

அது ஒச்சாண்டியின் அறை. எப்போதும் பூட்டியே இருக்கும். "அதெல்லாம் வேண்டாம். இப்படியே எடுங்க" என்றான் அவன்.

"ஏலே, தெறந்து விடு. அப்புறம் படம் விழலைன்னா ஒன்னையத்தான் சொல்லுவாக" என்று அய்யாத்துரை அதட்டினார். அவன் வேண்டாவெறுப்பாக உள்ளே போனான். கதவை உட்புறம் சாத்திக்கொண்டான். எதிர்ச் சன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடி பளிச்சென்றாயிற்று.

"எல்லாரும் தள்ளிப் போங்க! ஒருத்தரும் இங்கன நிக்கப்பிடாது!"

ஆட்கள் வாசல் பக்கம் ஒதுங்கினார்கள். சுப்புத்தாய் மட்டும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தியிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அம்மிக்குழவியும் லூர்துநாதனின் முழங்காலும்தான். மூடி கழன்றது. அவர் எண்ணினார். மூடி மறுபடி ஏறியது. "சேசு மரி சூசை" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அறைக்குள் எதிர்ச் சன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

இந்தத் தடவை நெல் அறையிலிருந்து வெளியே வரும்போதே அவர் சிரித்துக்கொண்டு வந்தார். ஈரப் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "விழுந்துருச்சு! ஆறு காலும் விழுந்துருச்சு!"

எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பிளேட் கண்ணாடியில் வண்டு இருந்தது. ஆனால் வெள்ளையாக இருந்தது.

"ஐயோ!" என்றான் ஒச்சாண்டி. "கருவண்டு வெள்ளையா விழுந்திருக்கு! பாத்தீகளா? வெள்ள! ஆவி இல்லாம வேற என்ன? நாளைக்கு உடுத்தப்போற சேலையக்கூடக் காட்டிட்டான் என் தம்பி!"

யாரோ குலவையிடப் போனார்கள். அய்யாத்துரை இரண்டாவது தடவையாகக் கையெடுத்துக் கும்பிட்டார். லூர்துநாதன் "அது நெகட்டிவ்யா, நெகட்டிவ்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யார் காதில் விழுகிறது?

சுப்புத்தாய் பிளேட்டுக்குப் பக்கத்தில் போனாள். அவள் வண்டை மட்டும் பார்க்கவில்லை, பிளேட் முழுவதையும் பார்த்தாள்.

"சின்ன மாமா, இங்கன பாருங்க. நம்ம வீட்டுச் சுவரு என்ன நெறம்?"

"வெள்ள. பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு."

"இதுல?"

அய்யாத்துரை கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "கருப்பா இருக்கு."

"அப்பச் சுவரும் செத்துப்போச்சா? அதுக்கும் நாளைக்கே கருமாதி வச்சிருவோமா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர் சிரித்தார். அய்யாத்துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"வெயில்ல வச்சா எல்லாம் நேராயிரும்" என்றார் லூர்துநாதன். பிளேட் காய்ந்ததும், மரச்சட்டத்துக்குள் காகிதத்தை அதனோடு சேர்த்து வைத்து முற்றத்து வெயிலில் சாய்த்தார். நடுநடுவே சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். வெறுங் காகிதத்தில் முதலில் சன்னல் சட்டம் வந்தது. தாழ்ப்பாள் வந்தது. நடுவில் ஒரு கறை மாதிரி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறைக்குக் கால் முளைத்தது, மீசை முளைத்தது. கன்னங்கரேலென்று வண்டு வந்து உட்கார்ந்தது.

"கருப்பு" என்றார் அய்யாத்துரை. நிமிர்ந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வண்டுதாய்யா. வெறும் வண்டு. கருமாதி கெடையாது. ஜெயமங்கலத்துக்கு ஆளு போகட்டும், கோடி எடுத்திருந்தாத் திருப்பிக் குடுத்துறச் சொல்லுங்க."

இருளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சுப்புத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை யோசிக்கவில்லை.

"இந்தா தாயி, ஒன் வண்டு" என்று லூர்துநாதன் படத்தை எடுத்து நீட்டினார். "வெளிச்சத்துல வச்சிராத, நெறம் மாறிப்போகும். கடையில கொண்டுபோயித்தான் நெலைக்க வைக்கணும். ஒரு தடவ பாத்துட்டுக் குடு."

அவள் பார்த்தாள். வண்டைத் திருப்தியாகப் பார்த்தாள். சனியனே, நீ நல்லா இரு என்று மனசுக்குள் வாழ்த்தினாள். அப்புறம் வண்டுக்குப் பின்னால் பார்த்தாள்.

கண்ணாடிக்கு உட்புறம், சன்னல் கம்பியில் ஒரு குடை மாட்டியிருந்தது. பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அதன் பிடி மட்டும் வெட்டி வைத்தது போலத் தெளிவாக விழுந்திருந்தது. கிளி மூக்குப் பிடி. மூக்கு நுனி உடைந்திருந்தது.

அந்த மூக்கை உடைத்தவளே அவள்தான். அவன் ரங்கூனுக்குப் புறப்பட்ட அன்றைக்குத் தேனி ஸ்டேஷனில் அழுகிற அவசரத்தில் குடையைக் கைதவறிப் போட்டாள். "பரவாயில்லடி, மூக்கு இல்லாட்டியும் மழைக்கு ஒழுகாது" என்று சிரித்துக்கொண்டே அவன் அதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினான்.

ரங்கூன் போன குடை.

அவள் தலையைத் தூக்கினாள். கூட்டம் இன்னும் கலையவில்லை. ஒச்சாண்டி வெற்றிலையை மென்றுகொண்டே, "சரி சரி, அவுகவுக வேலையப் பாருங்க" என்று எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தான்.

"மச்சான்."

திரும்பினான். அவள் படத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். வண்டின் மேல் இல்லை, அதற்குப் பின்னால் விரலை வைத்தாள். அவன் பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அவுக கொண்டுபோன குடை ஒங்க ரூமுக்குள்ள எப்ப வந்துச்சுன்னு நான் கேக்கல" என்றாள் சுப்புத்தாய். அய்யாத்துரைக்குக் கேட்டது, இருளம்மாளுக்குக் கேட்டது, வாசலில் கால் வைத்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "வந்தது குடை மட்டுந்தானா?"